மூடிக் கிடக்கும் மலைநாட்டு வீட்டில் எலி: மருந்தா, பொறியா, அடைப்பா?

வெள்ளவத்தையில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு, நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் வழியில், மாமனார் காலத்துத் தகரக்கூரை வீடு ஒன்று உண்டு. ஏப்ரல் சீசனுக்கு மூன்று வாரம், ஓகஸ்ட் விடுமுறைக்குப் பத்து நாள், நத்தாரை ஒட்டி ஒரு வாரம் என்று கூட்டிப் பார்த்தால் ஆண்டில் நாற்பது நாள்கூட நாங்கள் அங்கே தங்குவதில்லை; மற்றைய நாட்களில் அது எலிகளின் வீடாகவே இருந்துவந்தது. மூன்று ஏப்ரல்களுக்கு முன்னர் படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டை இழுத்தபோது, மெத்தைப் பஞ்சையும் பழைய பத்திரிகைத் தாளையும் நார் நாராகக் கிழித்து உருட்டிய கூடு ஒன்றும், அதனுள் கண் திறக்காத ஆறு குஞ்சுகளும் இருந்தன. மச்சாள் அந்த அறையில் படுக்க மறுத்து, பிள்ளைகளுடன் மறுநாளே நானுஓயாவில் ரயில் ஏறிவிட்டார். அதன் பின்னர் நஞ்சு, பொறி, துவாரங்களை அடைத்தல் ஆகிய மூன்றையும் அந்த வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு வீட்டில் எலியை ஒழிப்பதற்கும் இங்கே ஒழிப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே பார்க்க ஆளில்லை என்பதுதான். வீட்டைத் திறந்து காற்றோட்டம் விட்டுப் போகும் தோட்டத் தொழிலாளி ஒருவர் அப்பால் உள்ள லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். பொறியைத் தினமும் பார்க்க முடியுமா என்று கேட்டபோது, "நம்மளுக்கு ஞாயித்துக்கிழம மட்டுந்தாங்க லீவு, ஐயா, மத்த நாளு மலையில வேல" என்று தயக்கத்துடன் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே எந்த முறை எத்தனை எலியைக் கொல்லும் என்பதைவிட, எந்த முறை ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆளில்லாத பதினைந்து வாரமும் தானாக வேலை செய்யும் என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

வந்திருப்பது எது என்பதைப் புழுக்கையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சுண்டெலியின் புழுக்கை அரிசி மணியிலும் சிறியது. கூரையில் ஓடும் கறுப்பெலியினுடையது ஒரு சென்ரிமீற்றரைத் தொடும். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. சுற்றிலும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடும் பாத்திகள். அறுவடை முடிந்து நிலம் வெறுமையானதும், 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில், வெளியே இருந்தவை சூடும் உணவும் தேடி உள்ளே வருகின்றன.

முதலில் நாடியது நஞ்சை. பூச்சிமருந்துக் கம்பனி ஒன்று புரோமடியலோன் கலந்த மெழுகுக் கட்டிகளைப் பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனது. இது வார்பரின் வழிவந்த இரண்டாம் தலைமுறை மருந்து. வார்பரின் 1948 அளவில் எலி மருந்தாகப் புழக்கத்துக்கு வந்து, பத்தாண்டுகளுக்குள் அதற்கு அசையாத எலிகள் ஸ்கொட்லாந்தில் தென்பட்ட பின்னரே இத்தகைய வலுக்கூடிய மருந்துகள் தேவைப்பட்டன. உடலில் விற்றமின் கே திரும்பப் பயன்படுவதைத் தடுத்து, இரத்தம் உறையாமற் செய்வதே இவற்றின் வேலை. உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் வழக்கம்போல நடமாடுகிறது, அதனால் மற்ற எலிகள் ஐயுறுவதில்லை. ஆளில்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை என்றுதான் நானும் எண்ணினேன்.

மருந்து உண்ட எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும், நாற்றம் வராது என்று மருந்து வைக்க வந்தவர் உறுதி கூறினார். அது பரவலாக நம்பப்படும் கதை மட்டுமே. உள்ளே இரத்தம் கசிந்து சோர்ந்த எலி தன் கூட்டுக்குத்தான் திரும்புகிறது. கூடு இருப்பது சீலிங் பலகைக்கு மேலே. ஓகஸ்டில் கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத்தில் விவரிக்க நான் விரும்பவில்லை. தச்சரை அழைத்து மூன்று பலகைகளைக் கழற்றியும் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. மற்றையவை காய்ந்து முடியும்வரை யன்னல்களைத் திறந்துவைத்துக் குளிரில் இருந்தோம். போதாக்குறைக்கு, நுவரெலிய ஈரத்தில் கட்டிகள் பூஞ்சணம் பிடித்திருந்தன. ஒரு பெட்டிக்குள் எலிக்குப் பதிலாக நத்தைகள் மருந்தைத் தின்றுகொண்டிருந்தன. நஞ்சுண்டு தள்ளாடும் எலியை ஆந்தையோ நாயோ உண்டால் அதற்கும் ஆபத்து என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு விற்றமின் கே1 மாற்று மருந்தாக உண்டு; கடைகளில் மலிவாகக் கிடைத்துவந்த சிங்க் பொஸ்பைட் வகைக்கு அப்படி மாற்று மருந்தே கிடையாது. பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் அதை நான் தொடவே மாட்டேன்.

ஒட்டும் அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அது எலியைவிடப் பல்லியைத்தான் பிடிக்கிறது, பிடிபட்டது நாட்கணக்கில் துடிக்கிறது, இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவதை 2024இல் தடைசெய்தும் விட்டார்கள். மீயொலியால் எலியை விரட்டும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். நாங்கள் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். பூனை நல்ல வேட்டைக்காரர்தான், ஆனால் அவருக்குச் சோறு வைக்கவும் ஆள் வேண்டுமே.

பொறியின் மீது எனக்கு மரியாதை உண்டு. வில் அடிக்கும் பலகைப் பொறிக்கு அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் என்பவர் 1894இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஏறக்குறைய அதே வடிவந்தான். சுவரோடு நீளவாக்கில் வைக்காமல், இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும், ஏனெனில் எலி சுவரோரமாகவே ஓடும். சுட்ட கருவாட்டுத் துண்டை நூலால் இறுகக் கட்டிவிட்டால் இழுத்துக்கொண்டு ஓட இயலாது. சுண்டெலி புதிய பொருளை ஆராய வந்து முதலிரவிலேயே அகப்படும். கறுப்பெலியோ புதிதாக எது முளைத்தாலும் ஒதுங்கிப் போகும், ஆதலால் மூன்று நான்கு இரவுகள் வில்லைப் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். நாங்கள் தங்கியிருந்த ஒரு கிழமையில் பதினொன்று விழுந்தன. ஆனால் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வந்தால் ஒரு பொறி ஓர் எலியோடு ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு வரை அந்த உடலுக்கு எறும்பும் ஈயுமே காவல். உயிரோடு பிடிக்கும் கூண்டுப் பொறியின் நிலை இன்னும் மோசம், உள்ளே மாட்டியது பசியால் சாகும். பொறி ஆளிருக்கும் நாட்களுக்கான கருவி.

ஆகவே அடைப்பு. சுண்டெலி நுழைய 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஒரு பென்சில் போகும் அளவு. வளர்ந்த எலிக்கு 12 மில்லிமீற்றர் அளவு போதும். நான் ஒரு பென்சிலையும் ஊதுபத்திக் கட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். உள்ளே சுவரோரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், புகை நேராக எழாமல் சாயும் இடத்தில் ஒரு வழி இருக்கிறது. குசினித் தொட்டிக் குழாய் சுவரைக் கடக்குமிடத்தில் புகை அப்படியே உறிஞ்சப்பட்டது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் போகும் வட்டம், அதன் விளிம்பு எலியின் உடல் எண்ணெய் பட்டுக் கறுத்து மெருகேறியிருந்தது. இரவில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு வெளியே நின்று பார்த்தபோது, கூரைத் தகரத்தின் நெளிவுகளுக்கும் சுவருக்கும் இடையே வரிசையாக ஒளிப் பிறைகள். நான் எண்ணியவை மொத்தம் இருபத்தேழு வழிகள்.

முதல் தடவை டப்பாவிலிருந்து பீய்ச்சும் போமை (காய்ந்து இறுகும் நுரையை) அடைத்துத் திருப்தியோடு திரும்பினேன். அடுத்த முறை போனபோது தரையெல்லாம் மஞ்சள் துகள். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை, அவற்றுக்குப் போம் ஒரு பொருட்டே அல்ல. இரண்டாம் தடவை பழைய சோனகத் தெருவில் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கல்வனைஸ் வலை வாங்கி, துவாரத்துக்குள் மடித்துத் திணித்து, அதன் மேல் சீமெந்துச் சாந்து பூசினேன். சாதாரண இரும்புக் கம்பளி அந்த மழையில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத உருக்குச் சுருளே வேண்டும். புகைபோக்கிக்கும் வலைதான், ஆனால் கணப்பு மூட்டுவதற்கு முன் அதில் படிந்த கரியைத் தட்டிவிட மறக்கக் கூடாது. கூரையைத் தொடும் கிளைகளை இரண்டு மீற்றர் தள்ளி வெட்டினோம்.

வரிசையிலும் ஒரு கவனம் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் உள்ளே இருப்பவை உள்ளேயே செத்து, பழைய நாற்றக் கதை திரும்பும். ஆதலால் ஒரு வழியை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்து, அதன் அருகே பொறிகளை வைத்து, அங்கே பவுடர் தூவிக் காலடி பார்த்தேன். (மாவைத் தூவக் கூடாது, அது இரவு விருந்து.) மூன்று இரவுகள் தடமே விழாத பின்னர் கடைசி வழியையும் மூடினேன். புழுக்கை கிடந்த இடங்களை உலர்ந்தபடி கூட்டாமல், ப்ளீச் கலந்த நீரால் நனைத்துக் கையுறையுடன் துடைத்தோம். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே பரவும் நோய். நம் நாட்டில் 2008இல் ஆயிரக்கணக்கானோர் அதனால் பாதிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

செலவு முதலில் அடைப்புக்கே அதிகம், மூன்று நாள் கூலியும் பொருட்களுமாக. ஆனால் அதன் பின்னர் பராமரிப்பு என்பது ஆண்டுக்கு ஒருமுறை பென்சிலோடு ஒரு சுற்று, அவ்வளவே. எங்களுடையது கல்லும் சீமெந்துமான சுவர். முழுக்க மரப்பலகையாலான வீட்டில் இது இப்படியே நிற்குமா என்பதைச் செய்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்கும் இரண்டு மழைக்கால அனுபவம் மட்டுமே.

போன ஓகஸ்டில் திறந்தபோது உள்ளே ஒரு புழுக்கைகூட இல்லை. குசினிக் கதவின் அடியில் அறைந்திருந்த அலுமினியப் பட்டையின் வெளி மூலையில் மட்டும், பற்கள் இரண்டிரண்டாக வரி போட்டுக் கடித்திருந்த தடம் இருந்தது. விரலை வைத்தால் நகம் மாட்டும் ஆழம். அதைக் கழற்றிவிட்டு, தடித்த கல்வனைஸ் தகரத்தில் புதிய பட்டை ஒன்று வெட்டுவித்து நத்தாருக்குக் கொண்டுபோய் அறைந்திருக்கிறேன்.