பழைய செயின் டிராக்டருக்கு பேக்ஹோ தேடுகிறீர்களா? என் 4,800 டாலர் போன கதையைப் படித்துவிட்டுத் தேடுங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,800 டாலர் போச்சு, லாரி வாடகை 725 தனி. இந்த வண்டிக்கு பேக்ஹோ வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

பென்சில்வேனியாவின் மேற்கே ஐந்து ஏக்கர் சரிவு நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. முன்னாள் உரிமையாளரின் கொட்டகையில் ஒரு ஜான் டீர் 420 செயின் டிராக்டர் கிடந்தது, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுவது. அயோவா மாநிலம் டுபியூக்கில் 1957இல் செய்த வண்டி. இரண்டே சிலிண்டர். ஸ்டார்ட் ஆனதும் பட் பட் பட்டென்று அது போடும் சத்தம், எங்கள் ஊர்க் கிணற்றடியில் தாத்தா ஓட்டிய ஆயில் இன்ஜின் சத்தம் மாதிரியே இருக்கும், அதற்காகவே அதை விற்க மனசு வரவில்லை. முன்னால் மண் தள்ளும் பிளேடு இருக்கிறது. பின்னால் ஒரு பேக்ஹோ மாட்டிவிட்டால் மழைத்தண்ணீர் வடிய ஒரு வாய்க்காலை நானே வெட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். பேக்ஹோ என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஊர் ஜேசிபிக்குப் பின்னால் மடங்கி நீளும் அந்தக் கை.

பழைய கனரக இயந்திரங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் படத்தைப் பார்த்தேன். சந்தையின் பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை. விற்பவர் இரண்டு மாநிலம் தள்ளி உதிரிபாக யார்டு வைத்திருப்பவர். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று ஒரு பச்சை முத்திரை. படத்தில் பேக்ஹோ பளபளவென்று மஞ்சள் பெயின்டில் இருந்தது, அதை வண்டியோடு பிணைக்கும் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டமும் தெரிந்தது. விலை 5,000.

போன் செய்தேன். நான் ஏமாந்த இடம் இதுதான். என் வண்டியின் சீரியல் நம்பரை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுடையது நாலு ரோலரா, ஐந்து ரோலரா?" ரோலர் என்பது செயினுக்குள் வண்டியின் பாரத்தைத் தாங்கி உருளும் சின்னச் சக்கரம், 420இல் இரண்டு வகையும் உண்டு. ஐந்து ரோலருக்குச் செயின் நீளம், பின்னால் பாரம் ஏற்றினால் தாங்கும். விஷயம் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். ஐந்து என்றேன். "அப்படியென்றால் கவலையே வேண்டாம், போல்ட்டை முடுக்கினால் போதும், மத்தியானமே தோண்ட ஆரம்பிக்கலாம்" என்றார். அவருடைய அப்பாவும் இதே வண்டி வைத்திருந்தாராம், அதன் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். நான் சிரித்தேன், இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வாரா என்றுதான் என் புத்தி போனதே தவிர, இவ்வளவு தெரிந்தவரால்தான் சரியான பொய்யைச் சொல்ல முடியும் என்று தோன்றவே இல்லை.

அப்புறம் மெதுவாக, சந்தை வழியாகப் பணம் போட்டால் கமிஷன் போகிறது, நேராக என் வங்கிக் கணக்குக்கே பணத்தை 'ஒயர்' அனுப்பினால் 200 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அனுப்பினேன். 4,800 டாலர்.

ஒன்பது நாள் கழித்து லாரி வந்தது, கொட்டும் மழையில். ஏறக்குறைய ஒரு டன் கனம், பக்கத்து நிலத்துக்காரர் தன் லோடரால் இறக்கிக் கொடுத்தார். டிரைவருக்கு அவசரம். மேலே பிளாஸ்டிக் சுற்றியிருக்க, பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மழை விட்டதும் பிரித்தோம். பக்கத்து நிலத்துக்காரர் லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், ஒரே நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கினார். பேக்ஹோ கையை மடக்கி நீட்டும் ஹைட்ராலிக் சிலிண்டர் ராடின் குரோம் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள், நகத்தால் சுரண்டினால் அடியில் துருக் குழிகள். அந்த ராடு உள்ளே போய் வெளியே வந்தால் ஆயிலைத் தடுக்கும் சீல் ஒரு நாள்கூடத் தாங்காது. கையின் அடிப்பகுதியில் பழைய விரிசலின் மேல் கட்டி கட்டியாக வெல்டிங். இதெல்லாம்கூடப் போகட்டும். சப்ஃபிரேம் வரவே இல்லை! வந்தது இரண்டு தடித்த தகடு, ஏதோ சக்கர டிராக்டருக்குச் செய்தது, என் வண்டியின் ஒரு போல்ட் துளையோடும் ஒத்துப்போகவில்லை.

சப்ஃபிரேம் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பேக்ஹோ மண்ணைக் கடித்து இழுக்கும்போதும் பக்கவாட்டில் திரும்பும்போதும் வருகிற முறுக்கு முழுவதும் அது மாட்டியிருக்கும் இடத்தில்தான் இறங்கும். இந்த வண்டியின் பின்பக்கம் வார்ப்பிரும்பு, முறுக்கினால் வளையாது, வெடிக்கும். அந்த விசையை வண்டியின் நீளத்துக்கும் பரப்பி முன்பக்கம் வரை கொண்டுபோகத்தான் சப்ஃபிரேம். பின்னால் மட்டும் போல்ட் போட்டுத் தோண்டியிருந்தால் 4,800 டாலரோடு தாத்தாவின் சத்தமும் போயிருக்கும்.

பம்பும் இல்லை. பிளேடைத் தூக்க இருக்கும் பழைய ஹைட்ராலிக், பேக்ஹோவுக்குப் போதாது. பூம், நடுக்கை, பக்கெட், திருப்பு, இரண்டு ஊன்றுகால் என்று ஆறு வேலைக்கு ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன டேங்காக இருந்தால் அரை மணியில் ஆயில் கொதிக்கும். தனிப் பம்ப், தனி டேங்க் எல்லாம் சேர்த்துத்தான் விலை என்று அவர் போனில் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். எழுத்தில் ஒரு வரி இல்லை.

அன்று மாலையே கூப்பிட்டேன். "ஏலத்தில் இருக்கிறேன், திங்கட்கிழமை பேசலாம்." திங்கட்கிழமை எடுக்கவில்லை. புதன்கிழமை எடுத்து, "ஒரு வெல்டரைப் பிடித்து ஒரு பிராக்கெட் அடித்துக்கொள்ளுங்கள், பெரிய விஷயமா?" என்றார். படங்கள் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரி: பில்லின் அடியில் 'உள்ளது உள்ளபடி' என்று இருக்கிறது, பாருங்கள், அதாவது குறை இருந்தாலும் அவர் பொறுப்பில்லை என்று. பார்த்தேன், எறும்பு எழுத்தில் இருந்தது. அதன் பிறகு போன் மணி அடிப்பதே இல்லை.

சந்தைக்காரர்கள் மிக மரியாதை. "உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று மூன்று மெயில், மூன்றிலும் ஒரே சேதி: பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பாதுகாப்பு கிடையாது. அப்படியானால் அந்தப் பச்சை முத்திரையில் எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். மின்னஞ்சல் முகவரியையும் போன் நம்பரையுமாம். வங்கியில், நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியது என்றார்கள். லாரிக் கம்பெனியில், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். எங்கே போனாலும் என் கையெழுத்து எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் மனைவி ஒன்றும் திட்டவில்லை, "200 டாலர் மிச்சம்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

இணைய மோசடிப் புகார்களுக்கான எஃப்பிஐயின் ஐசி3 தளத்தில் புகார் போட்டிருக்கிறேன், பணம் வரும் என்ற நம்பிக்கையில் இல்லை. தோண்டுவதற்கு முன் அழைக்க வேண்டிய 811 என்ற எண்ணுக்கு முன்பே அழைத்திருந்தேன், ஆள் வந்து கேஸ் லைன் போகும் இடமெல்லாம் கொடி நட்டுவைத்தார்கள். அந்தக் கொடி வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நான் மண்வெட்டியோடு களிமண்ணில் நிற்கிறேன்.

சரி, சொன்னபடி எச்சரிக்கைகள், கை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயர் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். நேரில் போய், வேலை செய்யும் வண்டியில் மாட்டி இயங்குவதைப் பாருங்கள், முடியாவிட்டால் வாங்காதீர்கள். சப்ஃபிரேம், பம்ப், டேங்க், வால்வு என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். புதுப் பெயின்ட் என்றால் சந்தேகப்படுங்கள், ராடின் மேல் பெயின்ட் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். லாரிக்காரர் கத்தினாலும் பிரித்துப் பார்த்து, குறையை ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் இருக்கிறது, இப்போது ஞாபகம் வரவில்லை.

யாருக்காவது 420 ஐந்து ரோலர் வண்டிக்கான பழைய சப்ஃபிரேம் எங்கேயாவது கிடப்பது தெரிந்தால் சொல்லுங்கள். எத்தனை மைல் ஆனாலும் டேப்போடு நேரில் வந்து அளந்து பார்த்துவிட்டு, அங்கேயே ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.