ஸ்கார்பரோ பக்கம் பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு: 3,322 டொலரும் ஒரு ரிலேயும்

என் காரைத் திருத்துகிறேன் என்று 3,322 டொலர் வாங்கிய கராஜின் பெயரைப் போடச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். போடமாட்டேன். போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய் இதே மாதிரி மாட்டுவீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். கார் வைத்தியம் தெரியாதவர்களுக்கும் விளங்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னுடையது 1986ஆம் ஆண்டு போர்ஷே 944 டர்போ. எல்லோருக்கும் தெரிந்த 911 இல்லை. டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. நாலு சிலிண்டர், 2.5 லீற்றர், எஞ்சின் முன்னுக்கு, கியர்பெட்டி பின்னுக்கு, 220 குதிரைவலு. ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் என்ற ஊரில், அவுடியின் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. அது அங்கே பூட்டப்பட்ட வருடம் நான் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போன பெடியன். ஐம்பதை நெருங்கும்போது ஒரு ஆசை. மனைவி இன்னும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறா.

குளிர் முடிந்து மே மாதம் காரை வெளியே எடுத்தேன். முதல் இருபது நிமிடம் தங்கம். பிறகு மோர்னிங்சைட் வீதியில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது, யாரோ பக்கத்தில் இருந்து சாவியைத் திருப்பியதுபோல எஞ்சின் நின்றது. இருமவில்லை, உதறவில்லை. கார் கியரிலேயே உருண்டுகொண்டிருக்கிறது, ஆனால் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீற்றர் முள் ஒரே விழுகையாகப் பூச்சியத்தில் விழுந்தது. ஓரங்கட்டிப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆனது. அடுத்த நாளும் அப்படியே. வெயில் கூடக் கூட அடிக்கடி நின்றது.

முள் விழுந்ததை மறக்காதீர்கள். பிறகு வரும்.

கராஜ்காரர் தமிழர். அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்கே அதுதான் காரணம். வாசலில் ஜெர்மன் வாகன நிபுணர் என்று பெரிய பலகை. உள்ளே போனவுடன், "அண்ணை எந்த ஊர்?" சொன்னேன். அவருடைய மனைவியின் ஊர் அதற்குப் பக்கத்து ஊராம். ரீ வந்தது. ஒரு படிவம் வந்தது. "சும்மா ஒரு கையெழுத்து அண்ணை, காரைத் தொடுறதுக்கு." மதிப்பீட்டுத் தொகை எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன். ரீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முள் விழுந்த கதையைச் சொன்னேன். "அதைப் பிறகு பாப்பம், முதல்ல கொம்பியூட்டரில போடுவம்" என்றார். எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

முதல் பில்: கணினி ஸ்கான் 160, பெற்றோல் பம்ப், ஃபில்டர், கூலி எல்லாமாக 820. வரியோடு 1,107.40. இந்தக் கணினி ஸ்கானைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இன்றைக்கு ஓடும் காரில் ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கிறதே ஓபிடி2 சொக்கட், அது அமெரிக்காவில் கட்டாயமானது 1996 மாடல்களிலிருந்து. என்னுடையது அதற்குப் பத்து வருடம் மூத்தது. ஸ்கானர் வயரைக் கொண்டுவந்தால் செருகுவதற்கு அதில் ஓட்டையே இல்லை. எங்கே செருகினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய காருக்கு ஸ்கான் காசு கேட்டால், "எந்த இடத்தில கொழுவினனீங்கள், ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மூன்றாம் நாள் கெனடி வீதியில் திரும்ப நின்றது. திரும்ப முள் விழுந்தது. திரும்பக் கொண்டுபோனேன். இந்தமுறை காற்று அளக்கும் மீற்றராம். 944இல் அது ஒரு சின்னக் கதவு மாதிரி. எஞ்சின் இழுக்கும் காற்று அந்தக் கதவைத் தள்ளும், எவ்வளவு திறந்தது என்பதைப் பார்த்துக் காருக்குள் இருக்கும் கணினி பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய கதவு தேய்ந்திருக்கலாம், அந்தச் சந்தேகத்தை நான் பிழை சொல்லவில்லை. மின்சாரம் அளக்கும் மல்ரிமீற்றரை வைத்து அளந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அளக்கவில்லை, மாற்றினார்கள். திருத்திய மீற்றர் 1,240, கூலி 300, கேட்காமலே பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழுவியதற்கு 420. வரியோடு 2,214.80. தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் கார் உண்மையாகவே கெட்டது. முன்பு இருபது நிமிடமாவது ஓடியது. இப்போது ஸ்ரார்ட் ஆகும், மூன்று செக்கன் ஓடும், செத்துவிடும். அக்ஸிலேற்றரை மிதித்துப் பிடித்தால் இருமிக்கொண்டு நிற்கும், காலை எடுத்தால் போச்சு. கராஜை விட்டு வெளியே கொண்டுபோகவே முடியவில்லை. அவர் போனட்டுக்குள் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டர்போ போட்டுது அண்ணை. எஞ்சினை இறக்கவேணும். 4,800 வரும்."

நான் வாயடைத்து நின்றேன். கொஞ்சநேரம் விட்டு, மெல்லமாக: "இதுக்குப் போய்க் காசு கொட்டாதேங்கோ. விக்கிறதெண்டால் சொல்லுங்கோ, இப்பிடியே 5,000க்கு எடுக்கிறன். ஒரு பெடியன் கேட்டுக்கொண்டு திரியிறான்."

ஒழுங்காக ஓடும் 944 டர்போ இன்றைக்கு என்ன விலை போகிறது என்று பார்த்தவர்களுக்கு, அந்த 5,000 என்ன மாதிரி விலை என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கேதான் எனக்கு நித்திரை கலைந்தது. பில்லைக் கார்டில் கட்டி, ரோ ட்ரக் பிடித்து, காரை வீட்டுக்கு ஏற்றிவந்தேன்.

மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி மெக்கானிக் இல்லை. இலத்திரனியல் சாமான் திருத்துகிறவன். சனிக்கிழமை ஒரு மல்ரிமீற்றரும் ரோர்ச்லைற்றும் கொண்டுவந்தான். காரைத் தொடவில்லை, கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கேட்டான்: "முதல் முதல் நிக்கேக்க அந்த முள் எப்பிடி அத்தான் விழுந்தது? மெல்ல மெல்லவா, டக்கெண்டா?"

இரண்டு மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

அவன் விளக்கியது இதுதான். கியரில் கார் உருளும்போது சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றோல் வராமல் நின்றிருந்தால் எஞ்சின் சுற்றுவதை முள் காட்டியபடியே இருக்கும், வேகம் குறையக் குறையத்தான் இறங்கும். சுற்றுகிற எஞ்சினுக்கு முள் பூச்சியம் காட்டுகிறது என்றால், ஒன்று கணினிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் சென்சர் பேசவில்லை. இரண்டுமே பம்ப் இல்லை, காற்று மீற்றர் இல்லை, டர்போ இல்லவே இல்லை.

முதலில் கராஜ் உண்டாக்கிய வருத்தத்தைப் பார்த்தான், அது அவனுக்கு இரண்டு நிமிட வேலை. காற்று மீற்றரிலிருந்து டர்போவுக்குப் போகும் வளைந்த ரப்பர்க் குழாயைக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது, ஒரு பக்கக் கிளாம்பை இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். குழாய் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசலும். அந்த வழியாக உள்ளே போகும் காற்றை மீற்றர் அளக்கவில்லை. கணினி தனக்குத் தெரிந்த காற்றுக்கு மட்டும் பெற்றோல் விடுகிறது. காற்று மிஞ்சி, பெற்றோல் போதாமல் எஞ்சின் சாகிறது. புதுக் குழாய் வரும்வரை கிழிசலை நாடாவால் சுற்றி, கிளாம்பை இறுக்கினான். ஸ்ரார்ட் ஆனது. நின்று ஓடியது. 4,800 டொலர் "டர்போ வேலை" அங்கேயே முடிந்தது.

மிச்சம் பழைய வருத்தம். எஞ்சினின் பின்பக்கம், எஞ்சினோடு சுற்றும் பற்சில்லைப் பார்த்தபடி இரண்டு சென்சர்கள் இருக்கின்றன. ஒன்று வேகத்தை எண்ணும், மற்றது எஞ்சின் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். அவற்றின் பிளக்குகள் சூட்டில் காய்ந்து தொட்டால் உதிருகிற வயசு. மல்ரிமீற்றரை வைத்து மின்தடையை அளந்தான்; இரண்டும் ஆயிரம் ஓமுக்குக் கிட்டக் காட்டின, சுகம். "அப்ப ரிலேதான்" என்றான்.

944காரர்களுக்கு இந்த ரிலே குலதெய்வம் மாதிரி. மின்சாரத்தைத் தானாகக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு வேலை: ஒரு பாதி கணினிக்கு மின்சாரம் கொடுக்கும், மறுபாதி பெற்றோல் பம்புக்கு. உள்ளே இருக்கும் ஈயப்பற்று வருடக்கணக்கில் சூடாகி ஆறி, ஊசியைச் சுற்றி வட்டமாக வெடிக்கும். ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் விலகும். அதுதான் இருபது நிமிடம், அதுதான் பதினைந்து நிமிடக் காத்திருப்பு. இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தவனுக்கும் தெரிந்த விஷயம். வாசலில் பலகை தூக்கியவருக்குத் தெரியாது என்றால் அது ஒரு பிழை. தெரிந்திருந்தால் அது வேறு பிழை.

அவன் ஊகத்தோடு விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, அக்காவின் ஹெயர்டிரையரை வாங்கி ரிலேக்குச் சூடு பிடித்தான். நாலாவது நிமிடம் எஞ்சின் நின்றது. பிறகு ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சொக்கட்டில் 30, 87, 87b என்ற மூன்று துளைகளையும் ஒரு வயரால் இணைத்தான். முக்கால் மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. இதைச் சோதனைக்கு மட்டும்தான் செய்யலாம். அந்த வயர் இருக்கும்வரை சாவியை எடுத்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், விபத்து நடந்து எஞ்சின் நின்றாலும் பெற்றோல் நிற்காது. வயரோடு வீதிக்கு இறங்காதீர்கள்.

பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியால் காட்டினான். தலைமயிர் அளவு வட்ட வெடிப்பு, இரண்டு ஊசியில். புது ரிலே 85 டொலர். பழையதை அவன் திரும்ப ஈயம் பற்றவைத்துத் தந்தான், அது இப்போது கிளவ் பொக்ஸில் இருக்கிறது.

காசுக் கதைக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் வாகனத் திருத்தத்துக்கென்றே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பகுதி உண்டு. எங்களில் கனபேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். வேண்டாம் என்றால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று நீங்கள் ஒரு தொகைக்கு அனுமதி கொடுத்திருக்கவேண்டும். மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாங்கமுடியாது. கழற்றிய பழைய சாமானை, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், திருப்பித் தரவேண்டும். போட்ட சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். ஆகவே வெறும் கட்டத்தோடு நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எந்த ஊர்க்காரர் நீட்டினாலும். காரைக் கொடுக்கும்போதே "கழட்டிறதெல்லாம் எனக்கு வேணும்" என்று படிவத்தில் எழுதுங்கள். ஒரு சாமானை மாற்றவேண்டும் என்றால் என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது என்று எண்ணாகக் கேளுங்கள். பெற்றோல் அழுத்தம் என்றால் என் காரில் சுமார் 2.5 பார் என்ற அளவு வரவேண்டும், நாங்கள் பிறகு அளந்தபோது வந்தது. அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவர் பம்பை மாற்றச் சொல்லக்கூடாது.

இவ்வளவையும் போட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். பழைய சாமான்களைக் கேட்டேன். மாகாண நுகர்வோர் பிரிவுக்கும் முறைப்பாடு கொடுத்தேன். இரண்டு கிழமையில் கராஜிலிருந்து பதில். எல்லா வேலையும் என் சம்மதத்தோடுதான் நடந்ததாம். பழைய பம்ப் முற்றாகப் பழுதாகியிருந்ததால் கழற்றிய அன்றே எறிந்துவிட்டார்களாம்.

கடிதத்தை மச்சானிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இந்தக் காரில பம்ப் பின்னுக்கு, பெற்றோல் ராங்குக்குப் பக்கத்தில வெளியிலதானே அத்தான்?" என்றான். ரோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே புகுந்தான். கொஞ்சநேரம் சத்தம் இல்லை. பிறகு என்னையும் வரச் சொன்னான். பம்பைப் பிடித்திருக்கும் வளையம், நட், குழாய் மூட்டு எல்லாவற்றிலும் முன்பு வைத்திருந்தவர்கள் காலத்து வீதி உப்பின் துரு, செதில் செதிலாக. ஒரு நட்டிலாவது ஸ்பானர் பட்ட அடையாளம் இல்லை.

எட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதாமல் 1,107.40 டொலரைக் கார்டுக்குத் திருப்பிவிட்டார்கள். காற்று மீற்றர்க் காசு இன்னும் முறைப்பாட்டில் நிற்கிறது. எறிந்துவிட்டதாக அவர்கள் எழுதித் தந்த அந்தப் பம்ப் இன்றைக்குக் காலையிலும் காருக்குக் கீழே நன்றாக இரைந்தது.