மண்கலயமா, தெர்மாக்கோல் பெட்டியா: தூண்டில் புழுவுக்கு எது தோது?

வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரையிலோ பாம்பன் பக்கமோ விடியற்காலையில் தூண்டிலோடு உட்காருகிறவருக்குப் பத்து மணி வரை எந்தப் பாத்திரமும் போதும். புழு துவள ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். நான் தெர்மாக்கோல் பெட்டியை விட்டுவிட்டு மண்கலயத்துக்கு மாறியவன். அதனால் இந்த அலசல் கலயத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பிளாஸ்டிக் டப்பா வெயிலில் வெந்துவிடும், விடுங்கள். ஓலைக் கொட்டானில் காற்று வரும், ஆனால் ஈரம் நிற்காது; பின்னல் இடுக்கு வழியாகப் புழுவும் நழுவிவிடும். பகல் முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் மிஞ்சுவது மண்கலயமும் தெர்மாக்கோல் பெட்டியும்தான்.

தெர்மாக்கோல் பெட்டி எடை இல்லாதது, மலிவு, மீன் கடையில் கேட்டாலே கிடைக்கும். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருக்கும். தொல்லை ஐஸ் பக்கத்திலேயே தொடங்குகிறது. மண்புழு உரம் போடுகிறவர்களிடம் நாம் வாங்குவதில் ஆப்பிரிக்கப் புழு நிறைய வரும். அது வெப்ப நாட்டுப் புழு, 25 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும்; கடும் குளிர் ஆகாது. பாட்டிலை ஒட்டிக் கிடப்பது விறைத்துவிடும், மற்றதெல்லாம் எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். பாட்டில் வியர்த்து வடிகிற தண்ணீர் அடியில் தேங்கும். புழு தோலால் மூச்சு விடுவது. தேங்கிய தண்ணீரும் மூடிய பெட்டியும் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். ஐஸ் கரைந்து முடிந்ததும் அது வெறும் காற்றோட்டமில்லாத பெட்டி. மண்டபத்தில் என்றால் மறுபடி ஐஸ் வாங்கலாம். ஆள் அரவமில்லாத கரையில் எங்கே போவது?

கலயத்தை நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அதன் குளிர்ச்சி திடீரென்று தீர்ந்துபோவதில்லை. கலயத்தைச் சுற்றி ஈரச் சாக்கு, நிழல், கொஞ்சம் காற்று. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையில் காற்றுக்குப் பஞ்சமா? ஆனால் பாலைவனத்தில் குளிர்வதுபோல இங்கே குளிராது, ஏனென்றால் கடல் காற்றிலேயே ஈரம் அதிகம். வெயில் 33 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் எப்படி நனைத்தாலும் சுமார் 28-க்குக் கீழே இறங்காது. குடிதண்ணீருக்கு அது போதாதுதான். புழுவுக்கு அதுதான் கணக்கான சூடு.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது தண்ணீர். சாக்கை நனைக்கக் கடல் தண்ணீரைக் கோரி ஊற்றவே கூடாது. கலயத்தின் மண் அதை உறிஞ்சி உப்பை உள்ளே கொண்டுபோகும், மண்புழு ஈரம் வற்றிச் செத்துவிடும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர் போர் தண்ணீரும் உப்புதான், அதுவும் வேண்டாம். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு பாட்டில் தனியாக எடுத்துப்போய், சாக்கு காயக் காயத் தெளித்தால் போதும். குழம்பு வைத்த சட்டி உதவாது, எண்ணெய் ஏறி அதன் துளை அடைத்திருக்கும். தண்ணீர் ஊற்றிவைத்துப் பழகிய கலயம் நல்லது. முந்தின இரவே நனையப் போட்டுவிட வேண்டும். உள்ளே தேங்காய் நார்த்தூள் போடுகிறவர்கள் அதை இரண்டு மூன்று தடவை அலசிப் போடுங்கள், அதிலும் உப்பு இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. வாயைத் துணியால் கட்டினால் காற்றும் போகும், புழுவும் ஏறி வராது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? மண்புழு கடல் தண்ணீரில் எப்படியும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் தொட்டதும் வெடுக்கென்று சுருங்குகிற புழுவின் தோல் தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். வெளிறித் துவண்டது வீசும்போதே கழன்று போகும், வெறும் முள்தான் தண்ணீரில் விழும்.

கலயத்தின் குறை உடைவதுதான். பைக்கில் போகிறவர் அடியில் பழந்துணி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆடுகிற வள்ளத்தில் கலயத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சேற்றில் தோண்டுகிற கடல் புழுவுக்குத் தெர்மாக்கோல்தான் ஜெயிக்கும். கலயத்தில் வைத்தால் அதன் உப்பே துளைகளை அடைத்துவிடும். கடல் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளையோ கரை ஒதுங்கிய கடல் புல்லையோ பரப்பி, நெருக்கமில்லாமல் வைக்க வேண்டும். ஐஸ் கரைந்த தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது, நல்ல தண்ணீர் அதற்கு ஆகாது. மண்வெட்டி பட்டு அறுந்ததை உடனே பிரித்துவிடுங்கள், அது அழுகினால் மற்றதும் கெடும். இதில் என் பழக்கம் ஒரு பகல் வரைதான், இரவு தாண்டி வைத்துப் பார்த்ததில்லை. தோண்டும்போது கடல் அட்டை வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். 2001 முதல் அதை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே தோண்டுகிற பேச்சே வேண்டாம்.

மிச்சப்பட்ட மண்புழுவைக் கரையில் கொட்டாமல் வீட்டு உரக்குழிக்கே திருப்பிவிடலாம். கலயத்தைச் சோப்பில்லாமல் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் அடுத்த தடவைக்குத் தயார்.