மாமியார் அறைக்கு ஆயில் ஹீட்டர்: நான்கு குளிர்காலத்துக்குப் பிறகு

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து டெல்லி மயூர் விஹாருக்கு எங்களோடு இருக்க வந்த முதல் ஜனவரி. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடந்தது. அவர் இரண்டு ரஜாய்க்குள் (பஞ்சு வைத்த கனமான போர்வை) முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களிடம் இருந்ததோ சிவப்பாக எரியும் ராடு ஹீட்டர். முகம் சுடும், முதுகு ஜில்லென்றே இருக்கும். சூடான காற்றை ஊதும் புளோயர் சீக்கிரம் சூடாக்கும், ஆனால் அந்த இரைச்சலில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம்தான் 11 ஃபின் (உள்ளே எண்ணெய் சூடேறி வெப்பத்தை வெளிவிடும் உலோகத் தகடு) வைத்த 2500 வாட் ஆயில் ஹீட்டர் வாங்கினோம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை சூடேற அரை மணி நேரமாவது ஆகும். அதனால் ஒன்பது மணிக்கே போட்டுவிடுவேன். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் 'டிக்' என்று அணைத்துவிடும், குளிர்ந்தால் தானே போட்டுக்கொள்ளும். சத்தம் அவ்வளவுதான். தொடர்ந்து ஓடினால் மணிக்கு இரண்டரை யூனிட். இப்படி விட்டுவிட்டு ஓடுவதால் அவ்வளவு ஆவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் பிராண்டுக்கு முன்னால் வீட்டு பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். முதல் வாரம் நான் சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். நள்ளிரவில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம். எழுந்து பார்த்தால் போர்டின் துளைகள் பழுப்பேறி உருகியிருந்தன. வயதானவர் தூங்கும் அறை, நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. இந்த ஹீட்டர் 11 ஆம்பியர் இழுக்கும், சாதாரண போர்டு அதைத் தாங்காது. மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, தடித்த ஒயரோடு தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் போட வைத்தேன்.

எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றவே வேண்டாம், உள்ளேயே சீல் செய்தது. அடியில் கசிவு தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். தீபாவளி முடிந்ததும் ஃபின்களின் இடுக்குத் தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். இல்லாவிட்டால் முதல் நாள் புழுதி கருகும் வாடை வரும். அதன்மேல் துண்டு காயப்போடாதீர்கள். காற்று வறண்டு போகிறது என்பது உண்மை, மாமியாருக்குத் தொண்டை கரகரக்கும். ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறோம்.

எது செய்தாலும் மூடிய அறையில் அங்கீட்டி எனும் கரி அடுப்பு மட்டும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இப்போது மாமியாரே ராத்திரி இட்லி மாவை ஹீட்டரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்டூலில் வைக்கிறார். காலையில் பொங்கி மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.