ரீட் சுவிட்ச்சா, ஐஆர் சென்சரா?

மட்டக்களப்போடு ரயில் பாதை முடிகிறது. ஏறாவூர்–மட்டக்களப்பு என்று வீட்டில் ஒரு மாதிரி ரயில் பாதை போட்டால் பொம்மைக் கோச்சி முனையில் தானாக நின்று திரும்ப வேண்டும். முனைக்கு வந்ததை அறிய ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்ட வந்தால் மூடும் கண்ணாடிக் குழாய்ச் சுவிட்ச்) அல்லது ஐஆர் சென்சர் (அகச்சிவப்பு ஒளி பட்டுத் திரும்புவதை உணர்வது) வைக்கலாம். 12 வோல்ட் டிசி மின், புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ பலகை, மோட்டாரை இயக்கும் எல்298என் பலகை (இது 2 வோல்ட் அளவைத் தானே தின்னும்) இரண்டு முறைக்கும் பொது.

ரீட் சுவிட்ச்சுக்கு இரண்டே வயர்: ஒன்று உள்ளீட்டுப் பின்னுக்கு, மற்றது கிரவுண்டுக்கு, புரோகிராமில் அந்தப் பின்னுக்கு இன்புட் புல்லப் (சுவிட்ச் திறந்திருக்கையில் பின்னை உயர் நிலையில் வைக்கும் அமைப்பு). சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே அதைக் கிடத்தி, எஞ்சின் அடியில் சிறு காந்தம் ஒட்டுங்கள். சுவிட்ச்சின் கம்பிக் காலைக் கண்ணாடியோடு ஒட்டி வளைத்தால் கண்ணாடி வெடிக்கும். குறட்டால் பிடித்து 3 மில்லிமீட்டர் தள்ளி வளையுங்கள். மோட்டார் மின்னை இதனூடாக விட்டால் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். காந்தம் ஒருதரம் கடக்கையில் சுவிட்ச் இரண்டு மூன்று தரம் மூடலாம். கோச்சி முன்னும் பின்னும் தடுமாறுவது அதனால்தான். ஓடும் திசையின் முனைச் சுவிட்ச்சை மட்டும் கவனிக்கும்படி புரோகிராம் எழுதினால் தீர்ந்தது.

ஐஆருக்கு, அதாவது டிசிஆர்டி5000 பலகைக்கு, மூன்று வயர். காந்தம் வேண்டாம், எந்த எஞ்சினும் ஓடும். ஆனால் கறுப்பு அடிப்பாகம் ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கடதாசி ஒட்ட வேண்டும். யன்னல் வெயில் பட்டால் வராத கோச்சியையும் வந்ததாகச் சொல்லும். யன்னல் திறந்தே கிடக்கும் நம் வீடுகளுக்கு ரீட்தான் சரி; காந்தத்துக்கு இடமில்லாத ‘N’ அளவு (மிகச் சிறிய மாதிரி அளவு) எஞ்சினென்றால் ஐஆர்.

எதுவானாலும் சென்சருக்கு அப்பால், எஞ்சினைவிட நீளமான துண்டு மிஞ்சும்படி ஒரு தண்டவாளத்தை வெட்டி, வெட்டின் குறுக்கே 1என்4001 டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடுவது) பற்றவையுங்கள். சென்சர் தவறினாலும் எஞ்சின் அங்கே நிற்கும். நிற்கவில்லையா, டயோட்டைத் திருப்பிப் போடுங்கள்.