பார்வையற்றவர்களே, வேதாகமக் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் ஒரு பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்

எனக்குப் பார்வை இல்லை. சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். முறையாக இறையியல் படிக்க நெடுநாள் ஆசை. ஒரு கல்லூரி விளம்பரத்தில் 'மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு வசதி உண்டு' என்று போட்டிருப்பதாகத் தங்கை வாசித்துச் சொன்னாள். போன் செய்தேன். "பாடமெல்லாம் கம்ப்யூட்டர்லயே குடுத்துடுவோம் தம்பி" என்றார்கள். அஞ்சல்வழிப் படிப்புக்கு ரூ.18,000 மொத்தமாகக் கட்டினேன்.

பென் டிரைவ் வந்தது. பழைய ஏற்பாட்டுப் பாடத்தைத் திறந்தால், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மூச்சே விடவில்லை. பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்தது வேர்டு கோப்பு. அப்பாடா என்று நினைத்தேன். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பார்ப்பவர்களுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தேவன்' என்று வரவேண்டிய இடத்தில் "என் ஜே டி டி செமிகோலன்" என்றது. நாற்பது பக்கமும் இப்படியே. தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றித் தரக் கேட்டால், "பதிப்புரிமைப் பிரச்சினை வரும்" என்றார்கள். நாங்கள் படிக்கும் வடிவில் மாற்றித் தர 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே இடம் கொடுக்கிறது.

சரி, தேர்வையாவது எழுதுவோம் என்று போனேன். சொல்வதை எழுத ஆள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது விடுதிச் சமையல்காரரின் மகன், எட்டாம் வகுப்பு. பழைய ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்றின் பெயரைச் சொல்லி, 'உபாகமம்' என்றேன். "உபயோகமாண்ணே?" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். "அது கவர்மென்ட் பரீட்சைக்கு" என்று விடைத்தாளை வாங்கிவிட்டார்கள்.

ஆகவே சேருமுன் ஒரு பாடத்தின் கோப்பை அனுப்பச் சொல்லி, உங்கள் கருவியில் ஓடவிட்டுக் கேளுங்கள். எழுத வருபவர் யார், கூடுதல் நேரம் எவ்வளவு என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 5% இடஒதுக்கீடு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான்; உதவி பெறாத வேதாகமக் கல்லூரியில் அதை நம்பிப் போகாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். என் தலையில் கை வைத்து, கண் திறக்க வேண்டுமென்று ஜெபித்தார். நான் கேட்டது பணம், இல்லையென்றால் ஒழுங்கான கோப்பு. கட்டிய கட்டணம் திரும்பாது என்று சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தவர், அதை வாசித்துக் காட்டவில்லை.