எம் ஒன் தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது: லோக்கல் ஆத்தர் புத்தகமா, பழைய வினாத்தாளா, வீடியோவா?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் கணிதத் தாளை மாணவர்கள் எம் ஒன் என்பார்கள். ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்டத்தில் அது ‘மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்’, குறியீடு எம்.ஏ. 3151. ஐந்து யூனிட்டில் முதலாவது அணிகள். மீதி நான்கும் நுண்கணிதம். டூ மார்க் கேள்வி யூனிட்டுக்கு இரண்டாகப் பத்து, 16 மார்க் கேள்வி யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து. 16 மார்க்கில் ‘அ’ அல்லது ‘ஆ’ என்று சாய்ஸ் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆக, ஒரு யூனிட்டைத் தொடாமல் விட்டால் 20 மதிப்பெண் போச்சு. எதை வைத்துப் படிப்பது என்பதையும் இதனால் யூனிட் யூனிட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது லோக்கல் ஆத்தர் புத்தகம், அதாவது உள்ளூர் ஆசிரியர்கள் இந்தத் தேர்வுக்கென்றே எழுதுவது. அதன் பலம் நிஜமானது. பல்கலைக்கழகக் கேள்விகளையே எடுத்து, ஒரு வரிகூட விடாமல் போட்டுக் காட்டும். விடை தப்பினாலும் ஸ்டெப் மார்க் கிடைக்க எப்படி எழுத வேண்டும் என்பது அதைப் பார்த்தால் பிடிபடும். ஆனால் போட்ட கணக்கைக் கண்ணால் படித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வெற்றுத் தாளில் முதல் வரி வராது. அதனால் இதை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பழைய வினாத்தாள் மூன்றாம் யூனிட்டுக்கு மிகவும் உதவும். டெய்லர் தொடர், யாக்கோபியன், லக்ராஞ்சு பெருக்கி என்று அங்கே வரும் கணக்கு வகைகள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. மேலே மூடியில்லாத, 32 கன அடி கொள்ளளவுள்ள பெட்டியைக் குறைந்த பரப்பில் செய்ய அளவு என்ன? விடை 4, 4, 2 அடி. புத்தகத்தை மூடிவைத்து இதையும் நீள்வட்டத் திண்மத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய பெட்டிக் கணக்கையும் போட முடிந்தால், அந்த வகையில் வேறு எது கேட்டாலும் கை நடுங்காது.

இதே வழி இரண்டாம் யூனிட்டில் காலை வாரிவிடும். அங்கே சார்பை மாற்றிவிடுவார்கள். எல்லையும் தொடர்ச்சியும் புரியாதவருக்குப் போன வருடக் கேள்வி இந்த வருடம் உதவாது. இரண்டு, நான்காம் யூனிட்களுக்குப் பாடநூல்தான் என் தேர்வு. அதன் தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ‘கால்குலஸ்’ நூலில் எந்தெந்தப் பகுதி என்று பாடத்திட்டமே எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. உதாரணமாக, பெரும, சிறும மதிப்புகளுக்கு 4.1, 4.3, தொகையிடல் முறைகளுக்கு 7.1 முதல் 7.4 வரை, அப்புறம் 7.8. அந்தப் பட்டியலில் இல்லாத பகுதிகளைத் திறக்கவே தேவையில்லை. பாடத்திட்டத்தின் இந்த ஒரு வரியைப் படிக்காமலேயே பலர் செமஸ்டரை முடித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வீடியோக்கள் ஐந்தாம் யூனிட்டில்தான் உயிர் கொடுக்கும். தொகையிடும் வரிசையை மாற்றும் கணக்கில் தவறு நடப்பது தொகையீட்டில் அல்ல, படத்தில். அடிக்கடி வரும் ஒரு கணக்கைப் பாருங்கள்: எக்ஸ் 0 முதல் 1 வரை; ஒய், எக்ஸின் வர்க்கத்திலிருந்து 2 கழித்தல் எக்ஸ் வரை; தொகையிட வேண்டியது எக்ஸ் பெருக்கல் ஒய். கீழே பரவளையம், மேலே நேர்கோடு. வரிசையை மாற்றினால் பரப்பு ஒய் = 1 என்ற கோட்டில் இரண்டாகப் பிரியும். படம் போடாதவர்கள் ஒரே தொகையீடாக எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். சரியாகப் பிரித்தால் கீழ்ப்பகுதி 1/6, மேல்பகுதி 5/24, மொத்தம் 3/8. மாற்றாமல் பழைய வரிசையிலேயே போட்டாலும் 3/8 வர வேண்டும். தேர்வு அறையில் விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பரப்பு எப்படிப் பிரிகிறது என்பதை ஒருவர் வரைந்து காட்டும்போது பார்த்தால் சட்டென்று விளங்கும். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தமிழில் விளக்கும் வீடியோ பெரிய துணை. பார்த்தவுடன் நிறுத்திவிட்டு அதே கணக்கை நீங்களே போட வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ பட்டியலை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. யார் தயாரித்தது, எந்த ரெகுலேஷனுக்கு என்பதே அதில் இருக்காது.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் அணிகளையும் மூன்றாம் யூனிட்டையும் பழைய வினாத்தாளோடு முதலில் முடியுங்கள். அடுத்து ஐந்தாம் யூனிட், ஒவ்வொரு கணக்குக்கும் படம் போட்டு. அதன் பிறகு நான்காம் யூனிட்டில் பகுதித் தொகையிடலும் பகுதிப் பின்னங்களும். இரண்டாம் யூனிட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடைசி நாளில் ஒரு பழைய தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள்.